சொதித் திரியும் சைலப்பன் வீட்டுப் பல்லியும்

சாரல் களத்தில் பதிவை அழிக்கும் பட்டனை உலகம்மாள் திறந்துவிட்ட மறுநாள் காலையிலிருந்து தென்காசிப் பல்லிகள் பேச ஆரம்பித்தன. ஊரிலிருக்கிற எல்லாப் பல்லியும் இல்லை. களத்தில் எழுதியதை யார் அழித்தார்களோ அவர்கள் வீட்டுப் பல்லி மட்டும், அழித்ததை, அழித்தவர் குரலிலேயே, நடுவில் ஒரு வசவைக்கூட விழுங்காமல், டியூப்லைட்டுக்குப் பின்னாலோ சாமி படத்துக்கு மேலோ எங்கே ஒட்டிக்கொண்டிருந்ததோ அங்கிருந்தபடியே சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போலப் பூச்சி பிடிக்கப் போய்விடும். ஏன் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பல்லி என்றால் சொல்லத்தானே செய்யும், இத்தனை காலம் நமக்கு விளங்காமல் சொன்னது, இப்போது விளங்குகிற மாதிரிச் சொல்லுகிறது, இதில் என்ன அதிசயத்தைக் கண்டீர் என்று கோயில் வாசல் பூக்கடைக்காரர்கள் கேட்டார்கள். கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது.

சாரல் களம் என்பது கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் தென்காசிக்காரர்கள் கூடிப் பேசுகிற இடம். அங்கே ஆளுக்கொரு புனைபெயர், ஆளுக்கொரு கட்சி. இன்றைக்குச் சாரல் விழுமா, அருவியில் குளிக்க விடுகிறார்களா, எந்தக் கடை அல்வாவில் நெய் குறைந்துபோனது என்று ஒரு பேச்சைத் தொடங்கினால் அதற்குத் திரி என்று பெயர். அந்தத் திரி நாள்கணக்கில் நீளும், சிலது வருஷக்கணக்கில் நீளும். களத்தைக் கட்டின எஞ்சினியர் மஸ்கட்டுக்குப் போகும்போது, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் உலகம்மாளை மட்டுறுத்துநர் ஆக்கிவிட்டுப் போனார். சண்டை முற்றினால் விலக்கிவிடுகிற வேலை அது. இரண்டு பக்கத்திலிருந்தும் வசவு வாங்கிக்கொள்வதுதான் அதற்குக் கூலி.

எஞ்சினியர் வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்றே ஒன்றுதான்: போட்டது போட்டதுதான், யாரும் எதையும் அழிக்க முடியாது. அதை எடுக்கச் சொல்லி உலகம்மாளிடம் கெஞ்சாத ஆள் கிடையாது. காலேஜில் கூடப் படித்த செண்பகம் என்ற பெண்ணை நினைத்துக் கவிதை எழுதிப் போட்டவர் ஒரு தலைமையாசிரியர், அவர் வீட்டு அம்மா பேர் செண்பகம் இல்லை. அவர் கடைக்கே வந்து, நல்லா இருக்கிற கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு பதிவும்மா, ஒரே ஒரு பதிவு என்று கேட்பார். உலகம்மாள் மசியமாட்டாள். ஒருத்தர் கேள்வியை உருவிக்கொண்டு போய்விட்டால் பதில் சொன்னவர்கள் நடுத்தெருவில் நிற்பார்களே சார் என்பாள். அப்படிப்பட்டவள் பட்டனைத் திறந்தாள் என்றால் அதில் ஒரு சொந்தக் காரியம் இருந்தது, அது கல்யாணக் காரியம்.

மின்வாரிய ஆபீஸில் வேலை பார்க்கும் கோமதிநாயகம், அப்பாவுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்க வந்தவன். போட்டுக் கொடுத்த கண்ணாடி மறுமாதம் உடைந்தது, அதற்கடுத்த மாதமும் உடைந்தது. பாவம், அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றிவைத்த இடத்தில் எல்லாம் பெற்ற பிள்ளையே உட்கார்ந்தால் உடையாமல் என்ன செய்யும்? நாலாவது கண்ணாடிக்கு உலகம்மாளுக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது, பிடித்தும் போய்விட்டது. இரண்டு வீட்டிலும் சொல்லி, ஜாதகம் பார்த்து, எல்லாம் கூடிவருகிற நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அப்பா சைலப்பன் என்பவர் வேறு யாருமில்லை, களத்தில் ‘பொதிகைப் புலி’ என்ற பெயரில் உறுமுகிற அதே ஆசாமி என்று அவளுக்குத் தெரியவந்தது. கடையில் அப்பா நம்பர் என்று நாயகம் எழுதிக் கொடுத்ததும், களத்தில் சேரும்போது புலி கொடுத்ததும் ஒரே போன் நம்பர். அன்றைக்கு மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்றால், பொதிகைப் புலியின் ஜென்ம விரோதியான ‘ஐந்தருவி’ என்பவர் உலகம்மாளைப் பெற்ற அப்பா குத்தாலிங்கம். விரோதம் சொத்திலோ வரப்பிலோ வந்தது அல்ல, சொதியில் வந்தது. கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுப் பந்தியில், தேங்காய்ப்பாலில் காய்கறி வேகவைத்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குகிற குழம்புதான் சொதி. அந்தச் சொதியில் முருங்கைக்காய் போடலாமா கூடாதா? கூடவே கூடாது, சம்பந்தக்காரர்களை உட்காரவைத்துச் சக்கையைத் துப்பவிடுவது மரியாதையா என்று ஐந்தருவி கேட்டார். முருங்கைக்காய் விழாத சொதி குழந்தைக்குக் கரைக்கிற பால்பவுடர் என்று புலி பதில் போட்டது. எட்டொம்பது வருஷமாக அந்தத் திரி அணையவில்லை. குத்தாலிங்கம் கூட்டுறவுப் பண்டகசாலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு காலையில் பல் தேய்க்குமுன் புலி என்ன சொல்லியிருக்கிறான் என்று பார்ப்பார், பார்த்துவிட்டு, பார்த்தியா வடிவு இந்தப் பயலை என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுவார், அப்புறம்தான் அவருக்குப் பொழுது விடியும்.

இரண்டு பேருக்கும் இவன்தான் அவன் என்று தெரிந்தால் கல்யாணமாவது ஒன்றாவது. உலகம்மாளும் நாயகமும் கூடி யோசித்தார்கள். புலிக்கு மட்டும் பட்டனைத் திறக்க வழியில்லை, திறந்தால் எல்லோருக்கும் திறக்கும், திறந்தாள். நாயகம் வீட்டில் போய், பொண்ணு வீட்டுக்காரங்க இந்தக் காலத்துல எல்லாத்தையும் தேடிப் பாப்பாங்கப்பா, நீங்க யாரோ ஒரு மனுஷனைத் தேங்கா மூடி மண்டையன்னு எழுதினதைப் பாத்தா நம்ம குடும்பத்தை என்ன நெனப்பாங்க என்று மெதுவாகப் போட்டுவைத்தான். சைலப்பன் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். சாயங்காலம் கீழே இறங்கும்போது பொதிகைப் புலி என்று ஒரு பிராணி களத்தில் இருந்ததற்கு ஒரு நகக்கீறல்கூட இல்லை.

மறுநாள் காலையில் குத்தாலிங்கம் பிரஷ்ஷும் கையுமாக நடுவீட்டில் நின்றார். பேஸ்ட் நுரை வேட்டியில் சொட்டியது.

“ஏட்டி உலகு, புலியைக் காணும்ட்டி. நான் சொன்னது மட்டும் நிக்கி, அவன் சொன்னது ஒண்ணுகூட இல்ல. பைத்தியக்காரன் செவுத்தைப் பாத்துப் பேசுன மாதிரில்லா இருக்கு.”

உலகம்மாள் அவர் செல்போனை எட்டிப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. பக்கம் பக்கமாக அப்பா ஒற்றை ஆளாக நின்று, ஆளில்லாத இடத்தைப் பார்த்து, நீரெல்லாம் ஒரு மனுஷனா, எங்கே இதுக்குப் பதில் சொல்லும் பார்ப்போம் என்று கைநீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குக் குத்தாலிங்கம் பேப்பர் பார்க்கவில்லை, கடைத்தெருவுக்குப் போகவில்லை. வடிவு என்னமோ ஏதோவென்று பயந்து அவருக்குப் பிடித்த சொதியை வைத்தாள். அதைக் கண்டதும் மனுஷர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

இதற்குள் ஊர் பல்லிகளுக்குப் பழகிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் வீட்டுப் பல்லி, வீட்டு அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது செண்பகக் கவிதையை ஆதியோடந்தமாகச் சொன்னது. அந்த அம்மா உரித்து முடித்து, கையைக் கழுவி, ரெண்டாவது அடியில சந்தம் இடிக்குதே என்று மட்டும் கேட்டார்களாம். அதற்குமேல் ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அல்வாவைப் பற்றி எழுதி அழித்தவர் வீட்டு வாசலில் அல்வாக்கடைக்காரரே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, பல்லி வாய் திறக்கட்டும், கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குக் கை ஓயவில்லை. வடக்குச் சுவரிலிருந்து வசவு விழுந்தால் பிரயாணம் தள்ளிப்போடணும், கிழக்கிலிருந்து மன்னிப்பு விழுந்தால் வீடு கட்டலாம் என்று அவரவர் வசதிக்குப் பலன் எழுதிக்கொண்டார்கள். பல்லி சத்தம் கேட்டால் தரையில் விரலால் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்று சொல்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டல்லவா, தென்காசியில் அந்த ஆனி மாதம் முழுக்கத் தட்டித் தட்டி விரல் நுனி சிவந்துபோனதுதான் மிச்சம். பல்லியை அடிக்கவும் முடியாது, பாவம் வந்து சேரும். விரட்டினாலும் பக்கத்து வீட்டுக்குப் போய் இன்னும் சத்தமாகச் சொல்லும்.

பல்லி பேசாத வீட்டுக்காரர்களின் அலட்டல் வேறு தாங்கமுடியவில்லை. எங்க வீட்டுப் பல்லி ஊமைப் பல்லி, நாங்க சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்காத பரம்பரை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். உண்மையில் அவர்களில் பாதிப்பேருக்குப் பட்டன் எங்கிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்து, எழுதினவனுக்கு அழிக்க உரிமை உண்டா இல்லையா என்று பேசிப் பேசி டீயை ஆறவைத்தார்கள். உலகம்மாள் அந்த வழியாகப் போனால் இரண்டு கட்சியும் சேர்ந்து அவளைத்தான் முறைத்தது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற நாள் நெருங்கிவிட்டது. அந்தப் பக்கம் சைலப்பன் வீட்டில் நிலைமை என்னவென்று நாயகம் உலகம்மாளுக்குப் போனில் சொன்னான். அவர் அழித்ததோ ஆயிரத்துக்கு மேல், வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பல்லி. அது வாலறுந்த கிழட்டுப் பல்லி, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து சொல்வதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. அது வாயைத் திறக்கிற போதெல்லாம் சைலப்பன் மிக்ஸியைப் போட்டுவிடுவார். வெறும் மிக்ஸி ஓடி ஓடிப் புகைந்தது. பெண்டாட்டி ஆவுடையம்மாளுக்கு அது பல்லிக் கவலை என்று தெரியாது, மனுஷனுக்குச் சட்னி ஆசை வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. பெண்ணின் அப்பாதான் ஐந்தருவி என்று அவர் தெருக்காரர்களுக்குத் தெரியும், குத்தாலிங்கம் அவர்களிடம் அதை ஒளித்துவைத்ததில்லை. விசாரித்த இடத்தில் யாரோ ஆவுடையம்மாளிடம் சொல்ல, அவள் களத்துக்குள் போய்ச் சொதித் திரியைப் படித்தாள். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரு மனுஷன் தன்னந்தனியாக, யாருமே இல்லாத இடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஐயோ, இந்தக் குடும்பத்தில் மண்டைக்கோளாறு இருக்கிறதே, நாளைக்குப் பேரன் பேத்திக்கு வந்தால் என்ன செய்வது என்று தனக்குள் புலம்பிக்கொண்டிருந்தாள்.

உலகம்மாளும் அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளை வீட்டில் போய் இறங்கியது நல்ல சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு முற்பகல். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, கேசரி வந்தது. எல்லோரும் பேசுகிறார்களே தவிர இரண்டு வீட்டுக்காரர் கண்ணும் சுவரில்தான் இருந்தது. கல்யாணப் பேச்சு நடக்கும்போது பல்லி சொன்னால் அதைவிட நல்ல சகுனம் கிடையாது, அது காலாகாலமாக உள்ள நம்பிக்கை. ஆனால் இன்றைக்குப் பல்லி எதைச் சொல்லும்? காலண்டருக்குப் பின்னாலிருந்து கிழட்டுப் பல்லி பாதி உடம்பை நீட்டிப் பார்த்தது. சைலப்பன் பதறி எழுந்து மிக்ஸிப் பக்கம் போனார். அது கடைசியாகப் புகைந்ததோடு சரி, ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆவுடையம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி, கேக்காம இருக்க முடியல. அந்தக் களத்துல இத்தனை வருஷமா ஆளே இல்லாத இடத்துல நீங்க யாரை ஏசிக்கிட்டு இருந்தீக?”

குத்தாலிங்கத்தின் கை கேசரித் தட்டோடு பாதியில் நின்றது. ஆள் இருந்தான் மதினி, ஓடிப்போயிட்டான் என்று சொல்லிப் பார்த்தார், அது சொல்லும்போதே நம்பும்படியாக இல்லை. நிஜப் பேர் என்ன, எந்த ஊர் என்று அவள் கேட்க, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பேர் தெரியாத, ஊர் தெரியாத, இப்போது எங்கேயும் இல்லாத ஒருத்தனோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டேன் என்று ஒரு மனுஷன் சொன்னால் யார்தான் பெண் எடுப்பார்கள்? அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் எதிராளி வாயடைத்துப் போகும்படி பேசுகிற அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை உலகம்மாள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சொன்னால் கல்யாணம் நிற்கும், சொல்லாவிட்டால் அப்பாவுக்குப் பைத்தியப் பட்டம் நிற்கும். நாயகம் எதிரிலிருந்து, சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினான். சைலப்பனோ, ஐந்தருவி என்பது இவர்தான் என்று அந்த நொடியில்தான் விளங்கி, வாயில் போட்ட பஜ்ஜியை விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் நின்றார்.

உலகம்மாள் எழுந்தாள். “எங்கப்பா தனியாப் பேசல. ஆள் உண்டு. அழிக்க வழி பண்ணிக் கொடுத்தது நான்தான்,” என்றாள்.

அவள் மேற்கொண்டு சொல்வதற்குள் காலண்டருக்குப் பின்னாலிருந்து சைலப்பனின் குரல் கணீரென்று கேட்டது. சைலப்பனின் வாயில்தான் பஜ்ஜி இருந்ததே.

“வே ஐந்தருவி! முருங்கைக்காய் போடாத உம்ம வீட்டு மறுவீட்டுப் பந்தியில உக்காரப் போற சம்பந்தக்காரனை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது!”

குத்தாலிங்கம் மெல்லத் தலையைத் தூக்கினார். பல்லியைப் பார்த்தார், சைலப்பனைப் பார்த்தார். முகத்தில் சிவப்பு ஏறியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு எழுத்துப் பிசகாமல், அன்றைக்குக் களத்தில் போட்ட அதே பதிலைச் சொன்னார்: நீர் ஒன்றும் வயிறு எரியவேண்டாம், சக்கையைத் துப்பி இலையை அசிங்கம் பண்ணுகிற ஆளை என் பந்தியில் நான் உட்காரவைக்கப்போவதில்லை. பல்லி அடுத்ததைச் சொன்னது. இவர் அதற்கும் சொன்னார். அது சொல்ல இவர் சொல்ல, இவர் சொல்ல அது சொல்ல, காபி ஆறிப்போனது, சாரல் வலுத்தது. ஆவுடையம்மாள் பல்லிக்கும் மனுஷருக்கும் நடுவில் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்து, கடைசியில் புருஷனைப் பார்த்து, அப்போ மண்டைக்கோளாறு நம்ம வீட்டிலயா என்று கேட்டாள்.

சைலப்பன் பஜ்ஜியை விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாயகம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், உடைத்த கண்ணாடிகள் உட்பட. பல்லி மூச்சு வாங்கிக்கொண்டு காலண்டர் ஓரத்தில் ஒட்டிக்கிடந்தது.

“எழுதுனவனுக்கு வெக்கம்னு ஒண்ணு உண்டும்லா அண்ணாச்சி,” என்றார் சைலப்பன். “வாசிச்சுப் பாத்தேன். எனக்கே கூசிப்போச்சு. அதான் அழிச்சேன்.”

“பதில் சொன்னவனுக்கு மானம்னு ஒண்ணு உண்டும்லா,” என்றார் குத்தாலிங்கம். “நீரு உம்மளை அழிச்சீரு. கூடவே என்னையும்லா பாதி அழிச்சிட்டீரு.” அப்புறம் மகளைப் பார்த்து, “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ட்டி. உன் கல்யாணத்துக்குன்னு சொன்னா நான் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கமாட்டேனா?” என்றார்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தது. அதுதான் உலகம்மாளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆவுடையம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். விரோதியும் விரோதியும் சம்பந்தி ஆவது எங்கேயாவது நடக்குமா, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்றால் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். வடிவு பையை எடுத்துக்கொண்டாள். நாயகத்தின் முகம் வெளுத்துவிட்டது. அப்போது பல்லி இன்னொன்று சொன்னது. இந்தத் தடவை குரல் தாழ்ந்து, தயங்கித் தயங்கி வந்தது.

“வே ஐந்தருவி, நாளையிலிருந்து நான் இங்க வரமாட்டேன். போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். முந்தாநாள் வீட்டுல யாரும் இல்லாதப்போ முருங்கைக்காய் போடாம சொதி வச்சுப் பாத்தேன். நீரு சொன்னதுதான் சரி. உடம்பைப் பாத்துக்கிடும்.”

அந்தப் பதிவைக் களத்தில் யாரும் பார்த்ததில்லை. அழிக்க உட்கார்ந்த சாயங்காலம் கடைசியாக எழுதிப்போட்டு, போட்ட கையோடு வெட்கப்பட்டு அதையும் சேர்த்து அழித்திருக்கிறார். சைலப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆவுடையம்மாள் அப்படியே மறுபடி உட்கார்ந்து, தரையில் மூன்று தடவை விரலால் தட்டினாள். நல்ல வாக்கு, கிழக்குச் சுவர் என்று முணுமுணுத்தாள். நாயகம் உலகம்மாளைப் பார்த்தான்.

உலகம்மாள் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டார். இத்தனை வருஷச் சண்டையில் எதிராளியின் வீட்டுக் கூடத்திலேயே, எதிராளியின் குரலிலேயே ஜெயித்துவிட்டார். எழுந்து ஒரு ஆட்டம் ஆடப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் முகமோ வரவரத் தொங்கிப்போயிற்று. நாளைக் காலையில் பல் தேய்க்குமுன் யாரைப் பார்ப்பது, பார்த்தியா வடிவு என்று யாரைக் காட்டுவது? புலி காணாமல்போன அன்றைக்குக்கூட அவர் இத்தனை தனியாக இல்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

குத்தாலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்னவே சம்பந்தி இப்படிச் சொல்லிப்புட்டீரு? முருங்கைக்காய் இல்லாம ஒரு சொதியா?”

சைலப்பன் முகத்திலிருந்து துண்டை எடுத்தார். சொன்னது காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று பார்க்கிறவர்போல மனுஷரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து நேருக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

“அப்படி வாரும்! அப்போ இத்தனை வருஷமா நீரு எழுதுனதையெல்லாம் அழிச்சிட்டீரா?”

“எதுக்கு அழிக்கணும்? அது அங்கனயே கெடக்கட்டும்வே. இது புதுசு.”

ஆண்கள் இரண்டு பேரும் முடிக்க ரொம்ப நேரம் ஆகும் என்று தெரிந்ததால், ஆவுடையம்மாளும் வடிவும் தேதி குறிக்க அடுத்த அறைக்குப் போனார்கள்.